தேயாத இயந்திரங்களுக்கு இறப்புச் சான்றிதழ்

எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் நான்கு மேசைக் கணினிகள் உள்ளன. நான்கும் 2016ஆம் ஆண்டில், தில்லி நேரு பிளேஸ் சந்தையில் ஒரே நாளில் வாங்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றின் விசைப்பலகையில் எழுத்துகள் தேய்ந்து மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன; விரல்களுக்கு வழி தெரியும் என்பதால் எவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. மாநாட்டு அறிக்கைகளும் தீர்மானங்களும் தொழிற்சங்கச் சுற்றறிக்கைகளும் இரவோடு இரவாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது இந்த நான்கு பெட்டிகளின் வழியாகத்தான். இன்றைக்கும் காலையில் விசையை அழுத்தினால் அவை விழித்துக்கொள்கின்றன. வேலையில் குறையேதுமில்லை. ஆனால் 2025 அக்டோபர் 14 முதல் அவை கணக்கில் இறந்தவை.

அன்றுதான் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. 2015 ஜூலை 29இல் வெளியான இயங்குதளம் அது. ஆதரவு முடிவது என்றால் கணினி மறுநாள் நின்றுவிடும் என்பதன்று. புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புத் துளைகளை அடைக்கும் திருத்தங்கள் இனி இலவசமாக வாரா என்பதே பொருள். மாற்று என்ன? 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11க்கு மாறலாம். தகுதியுள்ள கணினிகளுக்கு அந்த மாற்றம் இலவசம்தான். சிக்கலே அந்தத் 'தகுதி' என்ற சொல்லில் இருக்கிறது. டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் செயலியாயின், சில விலக்குகள் நீங்கலாக, 2017இல் அறிமுகமான எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். எங்களுடையவை ஆறாம் தலைமுறை. உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் இந்த மாற்றத்தால் மறுவிற்பனை மதிப்பிழந்து கழிவாகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் மதிப்பிட்டது. அது இடதுசாரி அமைப்பு அன்று. கணினி வணிகர்களுக்குச் சந்தை நிலவரம் சொல்லிப் பிழைக்கும் நிறுவனம்.

இதை முழுக்க முழுக்க ஏமாற்று என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நம் தோழர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். "அவன் பயமுறுத்துகிறான், நாம் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே இருப்போம்" என்கிறார்கள். அந்தத் துணிச்சலில் எனக்கு உடன்பாடில்லை. 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகைச் சுற்றி வந்தபோது, ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகளும் கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளும் முடங்கின. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை திருத்தங்கள் நிறுவப்படாத விண்டோஸ் 7 கணினிகள். அடைப்பதற்கான திருத்தம் இரு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வந்துவிட்டிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கோ 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்திருந்ததால் தாக்குதலுக்குப் பிறகுதான், விதிவிலக்காக, ஒரு திருத்தம் அளிக்கப்பட்டது. (அந்தத் துளையை முதலில் கண்டறிந்து, யாருக்கும் சொல்லாமல் ஆயுதமாகப் பதுக்கி வைத்திருந்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை என்பதையும் மறக்க வேண்டியதில்லை.) நம் நாட்டு வங்கிகளின் ஏ.டி.எம். இயந்திரங்கள் எக்ஸ்பியிலேயே ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு, 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றி முடிக்குமாறு ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் கெடு விதிக்க நேர்ந்தது. ஆதரவு முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு! உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் உள்ள ஒரு தொழிற்சங்க அலுவலகக் கணினியைத் திறந்த கதவோடு இணையத்தில் நிறுத்துவது வீரம் ஆகாது.

எனவே ஆபத்து மெய். திருத்தங்கள் தேவை என்பதும் மெய். அந்தத் தேவையிலிருந்து பெட்டியையே தூக்கியெறி என்ற கட்டளை எப்படிப் பிறக்கிறது என்பதே கேள்வி.

'மூலதனம்' முதற்பாகத்தில், இயந்திரத்தைப் பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் இருவகைத் தேய்மானங்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று உடல் தேய்மானம்: பயன்பாட்டாலோ, பயன்படாமல் துருப்பிடித்தோ வருவது. மற்றொன்றுக்கு அவர் ஆளும் சொல்லைத் தமிழாக்குவதில் எனக்கொரு பழைய அனுபவம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு கட்டுரையில் வந்த அச்சொல்லை 'ஒழுக்கத் தேய்மானம்' என்று எழுதிவைத்தேன். மூத்த தோழர் ஒருவர் கையெழுத்துப் படியைப் பார்த்துவிட்டு, "இயந்திரம் என்ன தப்பு செய்தது தோழர், அதன் ஒழுக்கத்தைப் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். வெட்கத்தோடு அடித்துவிட்டு 'மதிப்புத் தேய்மானம்' என எழுதினேன். இயந்திரம் சற்றும் தேயாமலே அதன் மதிப்பு வீழ்வதுதான் அது. அதே இயந்திரத்தை மலிவாகச் செய்ய முடியும்போதோ, அதைவிடச் சிறந்த இயந்திரம் போட்டிக்கு வரும்போதோ அது நிகழ்கிறது. இந்த அச்சத்தால்தான் முதலாளி தன் இயந்திரத்தை இரவும் பகலும் ஓட்டத் துடிக்கிறான், வேலை நாள் நீள்கிறது என்பது அங்கே அவர் காட்டும் தொடர்பு.

இன்று எங்கள் மேசைமேல் நிகழ்வது அதுவும் அன்று. மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டியது தட்டச்சு, அகராதி, மின்னஞ்சல், பக்கங்களைப் பார்ப்பதற்கொரு திரை. இந்த வேலைக்கு 2016ஆம் ஆண்டுச் செயலியைவிடப் புதிய செயலி ஒரு சொல்லைக்கூட விரைவாகப் பெயர்த்துத் தராது. போட்டி எதிலும் எங்கள் கணினி தோற்கவில்லை. வன்பொருள் எங்களுடையது, அதை இயக்கும் மென்பொருளோ எங்களுக்கு விற்கப்பட்டதே இல்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தரப்பட்டது. உரிமத்தின் உடைமையாளர் தன் வணிக நாட்காட்டியைப் பார்த்து எங்கள் உடைமைக்கு முடிவு நாள் குறிக்கிறார். நிலம் உழவனுடையது, ஏற்றக்கயிறு பண்ணையாருடையது என்றால் கிணற்றுப் பாசனம் எப்படி நடக்குமோ அப்படி. புதுக் கணினி வாங்கும்போது அதனுடன் புதிய உரிமமும் விற்பனையாகிறது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

பாதுகாப்புச் சில்லு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. திருட்டுப்போன மடிக்கணினியில் உள்ள கோப்புகளைக் காப்பதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் அது இல்லாத கணினிக்குத் திருத்தம் அனுப்பவே முடியாது என்பது பொய். அனுப்புகிறார்கள், காசு வாங்கிக்கொண்டு. வீட்டுப் பயனர்கள் 30 டாலர் செலுத்தியோ, தம் அமைவுகளை அந்நிறுவனத்தின் மேகக் கணக்கில் ஒப்படைத்தோ 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புப் பெறலாம். நிறுவனங்களுக்கு முதலாண்டு கணினியொன்றுக்கு 61 டாலர், ஆண்டுதோறும் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்றாண்டுகள். கூட்டிப் பார்த்தால் 427 டாலர். சிறிய அலுவலகத்துக்கு அது ஒரு புதிய கணினியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் தொகை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் குரலெழுப்பியதும் வீட்டுப் பயனர்களுக்கான அந்த ஓராண்டு, கணக்கொன்றில் உள்நுழைந்தால் போதும் என்று நிபந்தனை தளர்த்தப்பட்டு இலவசமாயிற்று. ஆக, எங்கே யார் வலுவாகக் கேட்கிறார்கள் என்பதற்கேற்ப விதிகள் வளைகின்றன. இந்தியாவில் நாம் கேட்கவே இல்லை.

நேரு பிளேஸில் கணினி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் வேறொரு வழி சொன்னார். தகுதிச் சோதனையை ஏமாற்றிப் பழைய கணினியிலேயே விண்டோஸ் 11 நிறுவித் தருவதாகவும், சந்தையில் பாதிப் பேருக்கு அப்படித்தான் செய்து தருவதாகவும் சொன்னார். செய்ய முடியும் என்பது உண்மையே. ஆனால் அவ்வாறு நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் பெறும் உரிமை இல்லை என்று நிறுவனம் முன்பே அறிவித்திருக்கிறது. எந்த ஆபத்துக்கு அஞ்சி மாறுகிறோமோ அதே ஆபத்தில் போய் நிற்பதற்கு இத்தனை பாடு எதற்கு?

விலையைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவின் மீது விதித்த புதிய தடைகளில் குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனமும் சேர்க்கப்பட்டது. இந்தியச் சட்டத்தின்படியோ, அமெரிக்கச் சட்டத்தின்படியோ அதற்குத் தடை ஏதுமில்லை. ஆயினும் சில நாட்களில் அந்நிறுவனத்தின் மின்னஞ்சலும் பிற சேவைகளும் மைக்ரோசாஃப்டால் நிறுத்தப்பட்டன. அது தில்லி உயர்நீதிமன்றத்தை நாடிய பிறகே மீண்டும் கிடைத்தன. நயாராவின் பங்குதாரர்கள் யார், அவர்கள் எத்தகைய மூலதனம் என்பது வேறு விவாதம். வேறொரு கண்டத்தில் எடுக்கப்பட்ட முடிவால் இந்திய மண்ணில் ஓர் எண்ணெய் ஆலையின் கடிதப் போக்குவரத்து ஒரே நாளில் நின்றுபோக முடியும் என்பதே இங்கு செய்தி.

இதன்பின் ஒன்றிய ஆட்சியாளர்கள் 'சுதேசி' பேசத் தொடங்கினார்கள். 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் தம் அலுவலகப் பணிகளுக்கு ஜோஹோ மென்பொருளுக்கு மாறுவதாக அறிவித்தார். இந்தியப் பொறியாளர்கள் எழுதிய மென்பொருள் ஓங்குவதில் மகிழ்ச்சியே. ஆனால் அதுவும் மூலநிரல் மூடப்பட்ட தனியார் உடைமைதான். பூட்டு அப்படியே இருக்கிறது, சாவிக்கொத்து மட்டும் கைமாறுகிறது. இவர்கள் மெய்யாகவே விரும்பினால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அரசின் மின்னாளுமைத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை, அதை விலக்கினால் காரணம் காட்ட வேண்டும் என்ற கொள்கையை 2015இல் வெளியிட்டது இதே அரசுதான். சென்னையில் சி-டாக் நிறுவனம் 2007 முதல் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை இந்திய மொழிகளோடு வெளியிட்டு வருகிறது. இணையத்தோடு இணைந்த கணினிகளுக்கென உபுண்டு அடிப்படையிலான மாயா இயங்குதளத்துக்கு மாறுவதாகப் பாதுகாப்பு அமைச்சகம் 2023இல் முடிவெடுத்தது. படைத்துறைக்கு ஆகும் என்றால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஏன் ஆகாது?

தூக்கியெறியப்படும் கணினிகள் எங்கே போகின்றன என்பதைப் பார்க்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தில்லி மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் சீலம்பூர் நிலையத்தில் இறங்கினால் போதும். நாட்டின் மிகப்பெரிய மின்கழிவுச் சந்தைகளுள் ஒன்று அது. சந்துகளில் திரைகளும் விசைப்பலகைகளும் மலையாய்க் குவிந்திருக்கும். வெறுங்கையால் சுற்றுப்பலகைகளைப் பெயர்த்தெடுப்பவர்களில் பெண்களும் சிறுவர்களும் இருக்கிறார்கள். செம்புக்காகக் கம்பிகள் எரிக்கப்படுகின்றன. மற்ற உலோகங்களுக்காகப் பலகைகள் அமிலத்தில் ஊறவைக்கப்படுகின்றன. 2022இல் உலகில் உருவான 6.2 கோடி டன் மின்கழிவில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாக ஐ.நா. அறிக்கை சொல்கிறது. எஞ்சியதில் ஒரு பங்குதான் சீலம்பூர்ச் சந்துகளில் புகைகிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் உற்பத்தியாளருக்கு மறுசுழற்சி இலக்கு விதிக்கின்றன. நல்ல நிலையிலுள்ள கணினியை ஒரு மென்பொருள் முடிவால் கழிவாக்குபவரிடம் அவை எதையும் கேட்பதில்லை.

மாற்றம் இயலும் என்பதற்குக் கேரளப் பள்ளிகளே சான்று. 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது பாடம் விண்டோஸைச் சுற்றியே இருந்தது. ஆசிரியர் அமைப்புகள் அதை எதிர்த்தன. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் துணை நின்றார்கள். ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2019இல் பள்ளிகளுக்கெனத் தொகுக்கப்பட்ட லினக்ஸ் இயங்குதளம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கென வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டிலும் எல்காட் நிறுவனம் 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில், முனைப்பான ஓர் அதிகாரியின் காலத்தில், லினக்ஸ் பக்கம் திரும்பியது. அவர் மாற்றப்பட்ட பின் அந்த வேகம் இல்லை. ஓர் அதிகாரியின் ஆர்வம் அவருடைய மாற்றல் ஆணை வரும்வரைதான் நிற்கும். பயன்படுத்துவோரின் இயக்கம் நின்று நிலைக்கும். ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் தன் 30,000 அரசுக் கணினிகளை மாற்றுவதாக அறிவித்தது. ஆகவே இது ஒருமுறை வென்று முடிகிற போரன்று.

இனி எங்கள் அலுவலகக் கதை. பிரசங்கம் செய்பவன் தன் வீட்டுக் கூரையைக் காட்ட வேண்டுமல்லவா?

முதலில் ஒரு கணினியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பழைய சுழல்தட்டை நீக்கி ஓர் எஸ்.எஸ்.டி. பொருத்தினோம், நினைவகத்தை 4 ஜி.பி.யிலிருந்து 8 ஜி.பி. ஆக்கினோம். லினக்ஸ் மின்ட் 22 நிறுவினோம். அதற்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. நிறுவும் முன் ஒரு வாரம் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். இதை எவரும் செய்யலாம், உள்ளிருக்கும் கோப்பு எதுவும் கெடாது. தமிழ்99 விசைப்பலகை அதிலேயே கிடைத்தது. லிப்ரே ஆஃபீஸ் தமிழ் இடைமுகத்தோடு வந்தது. பட்டிகளில் தமிழைக் கண்ட மூத்த தோழர் ஒருவர், "முப்பது வருஷமாய் நான் இதற்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் இது எனக்கு வழி சொல்கிறது" என்றார். அவரே அடுத்த வாரம், பழைய சொல்செயலியில் தாம் பழகிய குறுக்குவிசை ஒன்று வேலை செய்யவில்லை என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பழைய லேசர் அச்சுப்பொறிக்கு லினக்ஸில் ஒழுங்கான இயக்கி இல்லை. மூன்று மாலைகள் அதோடு மல்லுக்கட்டிய பிறகு, அச்சிட வேண்டியதை வேறொரு கணினிக்கு அனுப்பி அங்கிருந்து எடுப்பது என்று சமாதானம் செய்துகொண்டோம்.

உண்மையான இடர் வேறிடத்தில் இருந்தது. தமிழ் அச்சுலகில் என் வயதுக்காரர்கள் அனைவருக்கும் அது தெரியும். யூனிகோடு வருமுன் தமிழைக் கணினியில் எழுதியது ஒரு தந்திரத்தால். ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்து வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் அவை. பாமினி, வானவில், டாம், டாப், ஸ்ரீலிபி என்று ஒவ்வொன்றும் தனி ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் மாநாட்டு அறிக்கை முழுவதும் அடைப்புக்குறிகளும் ஆங்கிலக் கிறுக்கலுமாகத் தெரியும். போதாததற்கு, அவையெல்லாம் பேஜ்மேக்கரில் கோக்கப்பட்டவை. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. நம் இயக்கத்தின் கால் நூற்றாண்டுத் தமிழ், கைவிடப்பட்ட மென்பொருளிலும் கைவிடப்பட்ட எழுத்துருக்களிலும் அடைபட்டுக் கிடக்கிறது. எத்தனை பத்திரிகை அலுவலகங்களில், பதிப்பகங்களில் ஒரு பழைய எக்ஸ்பி கணினியைத் தெய்வச் சிலைபோல் மூலையில் வைத்துப் பாதுகாக்கிறார்கள், அது போனால் அத்தனையும் போயிற்று என்பதால்!

வியப்பு என்னவென்றால், அந்தக் கதவைத் திறந்தது கட்டற்ற மென்பொருளே. லிப்ரே ஆஃபீஸ் 2015 முதல் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. பக்க அமைப்பு கலைந்துதான் வரும், படங்கள் இடம் மாறும். ஆனால் உரை கிடைத்துவிடுகிறது. அதை எழுத்துரு மாற்றியில் இட்டால் யூனிகோடு ஆகிறது. 'ஸ்ரீ', 'க்ஷ' போன்ற கூட்டெழுத்துகளும், ஒகர ஓகாரக் கொம்புகளும் அங்கங்கே இடறும். கண்ணால் திருத்த வேண்டியிருக்கிறது. எம்.ஏ. படிப்பில் சுவடிப் பாடபேதம் பார்த்த பயிற்சி இந்த வயதில் இதற்குப் பயன்படும் என்று நான் எண்ணியதில்லை.

"பத்திரிகை கொண்டுவருவதா, கணினியோடு மாரடிப்பதா?" என்று கேட்கும் தோழர்களுக்கு நேரமில்லை என்பது எனக்கும் புரிகிறது. இதழ் முடிக்கும் நாளில் எவரும் இயங்குதளத்தை மாற்றக் கூடாது. நாங்களும் ஒரு சிறப்பிதழ் வாரத்தில் அந்த மடமையைச் செய்து, நள்ளிரவு வரை அனுபவித்தோம். ஆனால் ஊர்தோறும் உள்ள சங்க அலுவலகங்களில் நன்கொடைப் பணத்தில் வாங்கிய கணினிகள் இன்று இதே கேள்வியின் முன் நிற்கின்றன. வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு ஊழியர் சங்கங்களில் இத்துறை அறிந்த தோழர்கள் நிறைய உண்டு. மாவட்டத்துக்கு இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் பல அலுவலகங்களின் செலவு மிஞ்சும். அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. பொதுப்பணத்தில் வாங்கப்படும் கணினிக்குக் குறைந்தது பத்தாண்டுத் திருத்த உத்தரவாதத்தை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக்க வேண்டும். 2015ஆம் ஆண்டுக் கொள்கை எத்தனை துறைகளில் மீறப்பட்டது, காட்டிய காரணம் என்ன என்பதை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். ஐரோப்பிய நுகர்வோருக்குக் கிடைத்த சலுகை இந்தியப் பயனருக்கு ஏன் இல்லை என்று கேட்பதற்கு ஒரு கடிதத்துக்கு மேல் செலவில்லை.

இப்போது எங்கள் நான்கு கணினிகளில் மூன்று லினக்ஸில் ஓடுகின்றன. நான்காவதில் கணக்குப் பிரிவுத் தோழரின் டேலி இருக்கிறது. அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது என்பதால் அந்தக் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு விண்டோஸ் 10இலேயே வைத்திருக்கிறோம். பழைய குறுந்தகடுகளில் உள்ள கோப்புகளில் 2003ஆம் ஆண்டு வரையிலானவை யூனிகோடுக்கு மாறியிருக்கின்றன. 2004ஆம் ஆண்டுக்குரிய தகடுகளில் இரண்டு கீறல் விழுந்து திறக்க மறுக்கின்றன. அவற்றின் படி எந்த மாவட்ட அலுவலகத்திலாவது இருந்தால் தோழர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.